29 கோடி டாலர் லைசன்ஸுக்கு 108 கோடி டாலர் ஏற்றம்: ஏஎம்டி 2016-ஐ முன்வைத்து ஒரு விவாதம்

#1 வரவேடு

போன வாரம் வேறொரு இழையில் ஒருவர் எழுதியிருந்தார்: "லைசன்ஸ் காசுக்குச் செலவே கிடையாது, அப்படியே லாபம், அதனால்தான் சிப் கம்பெனிகள் உரிமம் கொடுத்தால் ஷேர் ஏறுகிறது." பாதி சரி. மீதியைப் பேச ஒரு தனி இழை வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு இதில் மறக்க முடியாத உதாரணம் கணினி சிப் கம்பெனி ஏஎம்டி, 2016 ஏப்ரல் 21. சந்தை மூடிய பிறகு முதல் காலாண்டு முடிவு வந்தது. விற்பனை 83.2 கோடி டாலர், முந்தைய ஆண்டின் அதே காலாண்டை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நஷ்டம் 10.9 கோடி. கையிருப்பு 71.6 கோடி, கடன் 220 கோடிக்கு மேல். பங்குதாரர் மூலதனம் மைனஸில். இதோடு ஒரு செய்தி: சீனாவின் தியான்ஜின் ஹைகுவாங்கோடு கூட்டு நிறுவனம், அதற்கு எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி சிப்புகள் புரிந்துகொள்ளும் கட்டளைத் தொகுப்பு) சர்வர் சிப் தொழில்நுட்ப உரிமம், 29.3 கோடி டாலர் கட்டணம், பிறகு விற்கும் சிப்புகளுக்கு ராயல்டி.

மறுநாள் 2.62-ல் இருந்த ஷேர் 3.99-ல் முடிந்தது. ஒரே நாளில் 52 சதவீதம்.

இப்போது கணக்கைப் போடுங்கள். அப்போது ஏறத்தாழ 79 கோடி பங்குகள். ஒவ்வொன்றிலும் 1.37 டாலர் ஏற்றம். மொத்தம் 108 கோடி டாலர். அந்த 29.3 கோடியும் ஒரே நாளில் வரவில்லை. கூட்டு நிறுவனம் சில மைல்கற்களைத் தாண்டினால்தான் தவணை தவணையாக வரும் என்று அறிக்கையிலேயே இருந்தது. அப்படியானால் சந்தை எதற்கு 108 கோடி கொடுத்தது? இதுதான் என் கேள்வி. அன்றைக்கு வைத்திருந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

#2 நெடும்பயணி

நான் வைத்திருந்தேன். சராசரி விலை 2.30. அந்த பிப்ரவரியில் 2 டாலருக்குக் கீழே போனபோது இன்னும் கொஞ்சம் சேர்த்தேன், வீட்டில் சொல்லாமல்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: அன்றைக்கு எங்களுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். ஏஎம்டியின் அடுத்த தலைமுறை சிப்பான ஸென் வெளிவரும்வரை இந்தக் கம்பெனி உயிரோடு இருக்குமா? ஸென் 2017-ல்தான் கடைக்கு வந்தது. 2016 முழுக்க ஓட்டியாக வேண்டும், காலாண்டுக்குக் காலாண்டு நஷ்டம், கையில் 71 கோடி. இந்த நிலையில் 29 கோடி என்பது பெரிய தொகை. அதே ஏப்ரல் கடைசியில் பினாங்கிலும் சூசோவிலும் இருந்த அசெம்பிளி ஆலைகளின் 85 சதவீதத்தை நான்டோங் புஜிட்சுவுக்கு விற்ற வேலையும் முடிந்தது. அதில் நிகரமாக 32 கோடி டாலர் வரவேண்டியிருந்தது. இரண்டையும் கூட்டினால் கையிருப்புக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அதாவது மூச்சு விட நேரம் கிடைத்தது. 108 கோடி அந்த மூச்சுக்குக் கொடுத்த விலை என்றுதான் நான் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். அதே அறிக்கையில் அடுத்த காலாண்டு விற்பனை 15 சதவீதம் கூடும் என்றும் சொல்லியிருந்தார்கள். கேம் கன்சோல் சிப்புகள் அதற்கு முக்கியக் காரணம். ஏற்றம் முழுவதையும் லைசன்ஸ் கணக்கில் எழுதினால் தப்பாகிவிடும்.

#3 புதுவரவு

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். என்னிடம் ஒரு சின்ன சிப் டிசைன் கம்பெனி ஷேர் இருக்கிறது, பெயர் வேண்டாம். பெரிய கம்பெனி ஒன்றுக்கு உரிமம் கொடுத்திருக்கிறோம் என்று அறிவிப்பு வந்து, ஒரே நாளில் நன்றாக ஏறிவிட்டது. விற்கலாமா, வைத்திருக்கலாமா என்று புரியவில்லை. இந்த மாதிரி அறிவிப்பில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? அடிப்படையிலிருந்தே சொன்னால் உதவியாக இருக்கும்.

#4 அரைக்கடத்தி

புதுவரவு, முதலில் அது எந்த வகை லைசன்ஸ் என்று பாருங்கள். செய்தியில் எல்லாவற்றையும் "லைசன்ஸ் டீல்" என்று ஒரே பெயரில்தான் எழுதுவார்கள். உள்ளே இரண்டு வேறு சரக்கு இருக்கிறது.

ஒன்று காப்புரிமை லைசன்ஸ். "என் பேட்டன்டை நீ மீறினாலும் வழக்குப் போட மாட்டேன்" என்பதற்கான காசு. கைமாறுவது ஒரு தாள் மட்டும். 2009 நவம்பரில் இன்டெல் ஏஎம்டிக்கு 125 கோடி டாலர் கொடுத்து வழக்குகளை முடித்து ஐந்து வருடப் பரஸ்பர உரிமம் போட்டதும், 2011 ஜனவரியில் இன்டெல்லும் என்விடியாவும் போட்டதும் இந்த வகை. 2009-ல் அறிவிப்பு வந்த அன்றே ஏஎம்டி சுமார் 22 சதவீதம் ஏறியது. அந்தக் காசு ஒரே தொகையாக 30 நாளில் வந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் அந்த ஏற்றத்தில் குழப்பமே கிடையாது.

இரண்டாவது தொழில்நுட்ப லைசன்ஸ். டிசைனையே கொடுப்பது. ஏஎம்டி 2016-ல் செய்தது இது. இதற்குச் "செலவே இல்லை" என்று யாராவது சொன்னால் அவர் அந்த வேலையைப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

நான் ஒரு தடவை வாங்குகிற பக்கம் இருந்தேன். கம்பெனிப் பெயர்கள் வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை ஆர்டிஎல் கோப்புகள் (சிப் எப்படி இயங்க வேண்டும் என்று எழுதிய நிரல்) முழுதாக வந்து சேர்ந்தன, எல்லோருக்கும் சந்தோஷம். திங்கட்கிழமை சிமுலேஷன் ஓடவே இல்லை. ஸ்கிரிப்டில் பாதி, விற்றவர்களின் உள் சர்வரில் இருக்கும் பாதைகளைத் தேடிக்கொண்டிருந்தது. மெமரி மாடல்கள் அவர்களது ஃபவுண்டரிக்கு (சிப்பைத் தயாரித்துத் தரும் ஆலை) எழுதியவை, எங்கள் ஃபவுண்டரி வேறு. ஒரு ரீசெட் சிக்னல் ஏன் இரண்டு கிளாக் தள்ளி வருகிறது என்று கேட்க, அந்த பிளாக்கை எழுதியவரைத் தேடினோம். அவர் வேறு புராஜெக்டுக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. முதல் டெஸ்ட் பாஸ் ஆக மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் விற்ற பக்கத்திலும் ஆறேழு நல்ல எஞ்சினியர்கள் எங்களோடு போனிலேயே இருந்தார்கள். அவர்கள் தங்கள் அடுத்த சிப்பில் இருந்திருக்க வேண்டியவர்கள்.

மைல்கல் தள்ளிப்போவது இப்படித்தான். ஒப்பந்தத்தில் "சரிபார்ப்பு முடிந்தபின் இரண்டாம் தவணை" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் இத்தனை மாதம் இருக்கிறது.

#5 வரவேடு

நெடும்பயணி அண்ணா, அந்த 15 சதவீதத்தை நான் விட்டுவிட்டேன், திருத்தத்துக்கு நன்றி. அரைக்கடத்தி பிரித்துச் சொன்ன இரண்டு வகையை வைத்தே என்விடியாவைப் பார்க்கலாம். முதலீட்டாளர்கள் ஒரு லைசன்ஸைத் தப்பாகப் படிப்பது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

2011 ஜனவரி 10. இன்டெல் 150 கோடி டாலரைத் தவணைகளில் தரும், வழக்குகள் முடியும், இரண்டு பக்கமும் காப்புரிமைகளைப் பயன்படுத்தலாம். அதற்கு முந்தைய வாரம்தான் சிஇஎஸ் கண்காட்சியில், எக்ஸ்86-க்குப் போட்டியான ஆர்ம் அடிப்படையில் சொந்த சிபியு செய்யப்போவதாக என்விடியா சொல்லி ஷேர் ஓட ஆரம்பித்திருந்தது. இன்டெல்லோடு சமரசம் என்றால் என்விடியாவுக்கு எக்ஸ்86 உரிமமும் கிடைக்கும் என்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தத்தில் எக்ஸ்86 கிடையாது என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது. படித்தவர் படித்தார், படிக்காதவர் 150 கோடி என்ற எண்ணை மட்டும் பார்த்தார். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஷேர் 13 டாலர் பக்கம் இறங்கி நின்றது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. அந்தக் காசை என்விடியா காலாண்டுக்கு 6.6 கோடி, ஆண்டுக்கு 26.4 கோடி என்று வருமானத்தில் எழுதிக்கொண்டே வந்தது, 2017 மார்ச் வரை. 2014 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் மொத்தச் செயல்பாட்டு லாபம் 49.6 கோடி. அதில் 26.4 கோடி இன்டெல் காசு! பாதிக்கும் மேல். அதற்கு எதிரே செலவு என்று எதுவும் இல்லாததால் அப்படியே லாபத்தில் விழுந்தது. அந்த வருடம் பி/இ (லாபத்தைப் போல விலை எத்தனை மடங்கு என்ற விகிதம்) பார்த்து "விலை மலிவு" என்று வாங்கியவர்கள், 2017-ல் நின்றுபோகும் ஒரு வரவை என்றைக்கும் வரும் வரவாக எண்ணி வாங்கினார்கள். நிற்பதற்குள் கேமிங்கும் டேட்டா சென்டரும் பல மடங்கு வளர்ந்துவிட்டதால் யாருக்கும் வலிக்கவில்லை. எல்லாக் கம்பெனிக்கும் அப்படி அமையாது.

#6 ஏழாம்பக்கம்

நான் ஒப்பந்தம் படிக்கிற தொழிலில் இருப்பவன், அதனால் ஏஎம்டி விஷயத்தில் என் கண் வேறு இடத்தில் நின்றது.

எக்ஸ்86 ஏஎம்டிக்கே இன்டெல்லோடு உள்ள பரஸ்பர உரிமத்தில் ஓடுகிற வண்டி. கம்பெனி கைமாறினால் அந்த உரிமம் முடிந்துவிடும் என்ற ஷரத்து 2009 ஒப்பந்தத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றை மூன்றாவது ஆளுக்கு எப்படிக் கொடுப்பது? ஏஎம்டி அதற்கு ஒரு கூட்டுக்குள் இரண்டு நிறுவனம் வைத்தது. ஒன்றில் ஏஎம்டிக்கு 51 சதவீதம், தொழில்நுட்பம் அங்கே இருக்கும். இன்னொன்றில் 30 சதவீதம், சிப்பை வடிவமைத்து விற்பது அது. இந்த அமைப்பைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது: இந்த ராயல்டிக் குழாய்க்கு அடைப்பான் இரண்டு கையில் இருக்கிறது, இரண்டும் ஏஎம்டி கை இல்லை. ஒன்று இன்டெல். இன்னொன்று அமெரிக்க அரசு.

மூடியது இரண்டாவது கை. 2019 ஜூனில் அமெரிக்க வணிகத் துறை, சீன சூப்பர்கம்ப்யூட்டர் நிறுவனமான சுகானையும், ஹைகானையும் (தியான்ஜின் ஹைகுவாங்கின் இன்னொரு பெயர்), ஏஎம்டியின் இந்தக் கூட்டு நிறுவனங்களையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. 2015 முதலே அரசுத் துறைகளிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தோம் என்று ஏஎம்டி விளக்கம் கொடுத்தது. அது உண்மையாகவே இருந்தாலும் குழாய் மூடியது மூடியதுதான். 2016 ஏப்ரல் 22-ம் தேதி 3.99 கொடுத்து வாங்கியவர்களில் எத்தனை பேர் இந்த அடைப்பானுக்கு ஒரு விலை கழித்தார்கள்? என் கணிப்பில் யாரும் கழிக்கவில்லை.

#7 நெடும்பயணி

ஏழாம்பக்கம் சார், கழிக்காதவர்களுக்கு என்ன நஷ்டம் வந்தது? அந்த 2019 டிசம்பர் கடைசியில் ஏஎம்டி 45 டாலருக்கு மேல். ஸென்னை வைத்து வந்த ரைசன், எபிக் சிப்புகள் நன்றாக விற்றன, அதுதான் காரணம். தடைப்பட்டியல் வந்தபோது அந்த லைசன்ஸ் ஏஎம்டிக்கு ஒரு ஓர வரவாகிவிட்டது. கொடுத்ததும் முதல் தலைமுறை ஸென் மட்டும்தான், அடுத்தது எதையும் கொடுக்கவில்லை.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். பிழைக்குமா என்று சந்தேகத்தில் இருக்கும் கம்பெனிக்கு வரும் லைசன்ஸ் காசையும், நன்றாக ஓடும் கம்பெனிக்கு வரும் லைசன்ஸ் காசையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். முதலாவதில் அந்த ஒரு ரூபாய் மீதி எல்லாவற்றையும் காப்பாற்றுகிறது.

அதோடு, ஸென் எப்படி இருக்கும் என்று வெளியில் யாருக்கும் தெரியாத நேரம் அது. அதற்கு முந்தைய புல்டோசர் வரிசையில் நாங்கள் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. அப்படி இருக்கும்போது ஒருத்தர் வந்து இந்த டிசைனுக்கு 29 கோடி தருகிறேன் என்றால், அது எங்களுக்குக் கிடைத்த முதல் சாட்சி.

#8 வரவேடு

சாட்சி என்பதை ஏற்கிறேன். இழையைத் தொடங்கும்போது எனக்கு அது தோன்றவில்லை.

காசு உண்மையில் எப்படி வந்தது என்பதை ஆண்டறிக்கைகளில் இருந்து எடுத்து வைக்கிறேன். "லைசன்சிங் கெய்ன்" (உரிம ஆதாயம்) என்ற தலைப்பில் எழுதியது. 2016-ல் 8.8 கோடி. 2017-ல் 5.2 கோடி. 2018-ல் அந்த இடம் காலி. 2019-ல் 6 கோடி. நான்கு ஆண்டில் 20 கோடி. தலைப்புச் செய்தியில் வந்த 29.3 கோடியில் மூன்றில் இரண்டு பங்கு. முதல் வருடம் மூச்சு கொடுத்தது என்று நீங்கள் சொல்வது இந்த 8.8 கோடியில் தெரிகிறது. 2018-ல் காலியாக நின்றதும் அதே பக்கத்தில் தெரிகிறது.

இதில் நான் உறுதியாக நிற்பது ஒரு விஷயத்தில்தான்: அறிவிப்பில் வரும் தொகை ஓர் உச்சவரம்பு. அதை வரவு என்று யாரும் எழுதிக்கொள்ளக் கூடாது.

#9 அரைக்கடத்தி

2018 காலி என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. அந்த வருடத்தின் நடுவில் லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்கு ஹைகான் பக்கத்திலிருந்து பேட்ச் (நிரல் திருத்தம்) வரிசை ஒன்று வந்தது. தியானா என்ற சிப்புக்கு. நான் அதை வரிவரியாகப் படித்தேன். பெரும்பகுதி ஏஎம்டிக்கு ஏற்கெனவே இருந்த நிரல்தான். சிப் தன் பெயரைச் சொல்லும் இடத்தில் மட்டும் "ஹைகான்ஜெனுயின்" என்று வரும், குடும்ப எண் 18ஹெக்ஸ். ஏஎம்டியின் ஸென் 17ஹெக்ஸ். அவ்வளவு நெருக்கம்.

முதலீட்டாளர் பார்வையில் இது என்ன சொல்கிறது? லைசன்ஸ் வரவு காலியாக இருந்த அதே ஆண்டில் சிப் கையில் இருந்திருக்கிறது, பூட் ஆகியிருக்கிறது, ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஓடியிருக்கிறது. மைல்கல் நெருங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல தடயம் வேண்டுமா? யாரும் மறைத்து வைத்ததல்ல, பொது மெயிலிங் லிஸ்டில் கிடந்தது. டிசைன் லைசன்ஸ் என்றால் நிதியறிக்கை மட்டும் பார்த்தால் போதாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். டிரைவர், கம்பைலர், கெர்னல், இந்த மூன்றிலும் சிப் பெயர் முன்கூட்டியே எட்டிப் பார்க்கும்.

#10 புதுவரவு

அரைக்கடத்தி அண்ணா, ரொம்ப நன்றி, இது எனக்குச் சுத்தமாகப் புதுசு.

ஒரு சந்தேகம். என்விடியா 150 கோடியைக் காலாண்டுக்கு 6.6 என்று பிரித்து எழுதியது. என்னுடைய கம்பெனி வரப்போகும் காசில் பெரும்பகுதியை முதல் காலாண்டிலேயே வருமானமாக எழுதியிருக்கிறது. அது எப்படி? ஏமாற்று வேலையா?

#11 வரவேடு

ஏமாற்று இல்லை. 2018-ல் அமெரிக்கக் கணக்கியல் விதி மாறியது, ஏஎஸ்சி 606 என்பார்கள். உரிமம் முழுதாகக் கைமாறிவிட்டது, தொகையும் நிர்ணயமானது என்றால், காசு ஐந்து வருடத்தில் வந்தாலும் வருமானத்தை முதலிலேயே எழுத வேண்டும். ராயல்டியை மட்டும் விற்பனை நடக்க நடக்க எழுதுவார்கள்.

இதனால் நல்ல கம்பெனியின் கணக்கே விசித்திரமாகத் தெரியும். மெமரி சிப் காப்புரிமைகளை உரிமம் கொடுத்துச் சம்பாதிக்கும் ராம்பஸைப் பாருங்கள். மெமரி கம்பெனிகளோடு போட்ட நிலையான தொகை ஒப்பந்தங்கள் நிறைய இருந்தன. அந்த உரிமங்கள் ஏற்கெனவே கைமாறியவை என்பதால், புதிய விதி வந்ததும் 2018-ல் காட்டிய வருமானம் சட்டென்று குறைந்தது. உள்ளே வரும் காசு அப்படியேதான் வந்துகொண்டிருந்தது. அதனால் "லைசன்சிங் பில்லிங்ஸ்" என்று தனியாக ஓர் எண்ணை வெளியிட ஆரம்பித்தார்கள்: அந்தக் காலாண்டில் உண்மையில் எவ்வளவுக்குப் பில் போட்டோம் என்று.

உங்கள் கம்பெனியில் இதன் மறுபக்கம் நடக்கிறது. ஒரு காலாண்டு மட்டும் கொழுத்துத் தெரியும், அடுத்த நான்கு காலாண்டு மெலிந்து தெரியும். அந்தக் கொழுத்த காலாண்டை நான்கால் பெருக்கி வருட லாபம் போட்டுவிடாதீர்கள். காசுப்புழக்க அறிக்கையைத் திறந்து, வருமானமாக எழுதியதில் எவ்வளவு கைக்கு வந்தது என்று பாருங்கள்.

#12 நெடும்பயணி

ராம்பஸ் பெயரைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ செய்கிறது. தம்பிக்கு உதவும் என்றால் சொல்கிறேன்.

2010 ஜனவரியில் சாம்சங் ராம்பஸோடு 90 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது: 20 கோடி முன்பணம், 20 கோடிக்குப் பங்குகள், மீதி காலாண்டுக்கு 2.5 கோடி, ஐந்து வருடம். அதைப் பார்த்துத்தான் நான் உள்ளே போனேன். "சாம்சங்கே கொடுத்துவிட்டது, மற்ற மெமரி கம்பெனிகளான மைக்ரானும் ஹைனிக்ஸும் எங்கே போவார்கள், அவர்கள் மேல் ராம்பஸ் போட்ட வழக்கிலும் ஜெயித்துவிடும்" என்பது என் கணக்கு. 2011 நவம்பர் 16, சான்பிரான்சிஸ்கோவில் ஜூரி ராம்பஸுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 18 டாலரில் இருந்த ஷேர் அன்றைக்கே 7-க்கு வந்தது. திரையில் விலை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், விற்கும் பொத்தானில் கை போகவில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு வேலை காத்திருந்தது. அது இரண்டு வருடம் தள்ளிப்போனது.

பிறகு 2013-ல் ஹைனிக்ஸ் 24 கோடிக்கும், மைக்ரான் 28 கோடிக்கும் உரிமம் எடுத்தார்கள். நான் நினைத்தது கடைசியில் நடந்தது, ஆனால் சின்னத் தொகைக்கு, நான் வெளியேறிய பிறகு. ஒருவர் கொடுத்த லைசன்ஸை வைத்து அடுத்தவர் கொடுக்கப்போகும் லைசன்ஸுக்கு நான் முன்கூட்டியே விலை கொடுத்தேன். அதுதான் என் பிழை.

#13 ஏழாம்பக்கம்

புதுவரவு, ஒப்பந்தத்தின் பிரதி கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களோடு இணைப்பாக இருக்கும். சில தொகைகளை நட்சத்திரக் குறி போட்டு மறைத்திருப்பார்கள், பரவாயில்லை. நான்கு இடத்தை மட்டும் தேடுங்கள்: உரிமம் ஒருவருக்கு மட்டுமா, பலருக்குக் கொடுக்கலாமா. காலவரையறை உண்டா. இவர்களைப் பெரிய கம்பெனி வாங்கினால் அல்லது வேறு யாராவது வாங்கினால் என்ன ஆகும். உரிமம் வாங்குபவர் பாதியில் நிறுத்தினால் கொடுத்த காசு திரும்பப் போகுமா. கடைசியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

#14 புதுவரவு

இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். கண்டுபிடித்ததை எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள்.

டிசைன் லைசன்ஸ், காப்புரிமை மட்டும் அல்ல. பலருக்கும் கொடுக்கலாம், அது நல்லது என்று நினைக்கிறேன். காலவரையறை இல்லை, அதாவது புதுப்பிக்கும்போது மறுபடி காசு கேட்க முடியாது. அறிவித்த தொகையில் மூன்றில் ஒரு பங்கு கையெழுத்தானபோது வந்துவிட்டது, காசுப்புழக்கத்தில் இருக்கிறது. இன்னொரு பங்கு, உரிமம் வாங்கியவரின் சிப் ஃபவுண்டரிக்குப் போகும்போது. கடைசிப் பங்கு உற்பத்தி தொடங்கும்போது. ராயல்டி என்று அறிவிப்பில் இருந்தது, ஒப்பந்தத்தில் பார்த்தால் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் விற்றால்தான். அந்த எண்ணிக்கை நட்சத்திரக் குறிக்குள் இருக்கிறது. காசு திரும்பப் போகாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது, அதை மூன்று தடவை படித்தேன்.

கம்பெனிக்குக் கடன் இல்லை, ஒன்றரை வருடச் செலவுக்குக் கையிருப்பு இருக்கிறது. அதனால் நெடும்பயணி அண்ணா சொன்ன மூச்சு விலை இங்கே பொருந்தாது.

ஏற்றத்தையும் பங்கு எண்ணிக்கையையும் பெருக்கிப் பார்த்தேன். அறிவித்த மொத்தத் தொகையைப் போல இரண்டரை மடங்கு. பாதியை இன்று காலை விற்றேன். மீதியை வைத்திருக்கிறேன். லினக்ஸ் பட்டியலில் வாங்கியவரின் பெயரில் தேடல் ஒன்று போட்டு வைத்திருக்கிறேன், இதுவரை எதுவும் வரவில்லை.

அரைக்கடத்தி அண்ணா, பொதுவாக டிசைன் கைமாறி எத்தனை மாதத்தில் முதல் பேட்ச் எதிர்பார்க்கலாம்?